மஞ்சள் திரும்பி வரும்

ஆர்மீனியன் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கஃபே இருக்கிறது. பழைய கடைவீடு. செங்கல் தெரியும்படி சாந்தைச் சுரண்டிவிட்ட சுவர், அதன் நடுவே ஒரு மாட்டு மண்டையோடு. வெள்ளை வெளேரென்று, விளக்கு வைத்து, நிழல் சுவரில் அழகாக விழும்படி மாட்டியிருந்தார்கள். கூட வந்த நண்பன் அதன் கீழ் நின்று படம் எடுக்கச் சொன்னான். எடுக்கும்போதுதான் கவனித்தேன். மேல்தாடையின் முன்பக்கத்தில் வரிசையாகப் பற்கள்.

மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. கீழே எட்டு முன்பல், மேலே தடித்த ஈறு மட்டும்தான். மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல் பார்ப்பது கீழ்வரிசையைத்தான். என் பாட்டிக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, ஆனால் இது தெரியும். அந்த மண்டையோட்டைச் செய்தவருக்குத் தெரியவில்லை. பிசினில் வார்த்த பொம்மை அது.

பொம்மை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. பொம்மையை விற்றுப் பிழைக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? என்னைத் தொந்தரவு செய்தது வேறு விஷயம். நான் சொந்தக் கையால் வெளுத்த ஒரு மண்டையோடு என் வாடகை அறையில் இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அசலான ஒன்றை எடுத்து, மூன்று மாதம் பாடுபட்டு, ஒரு பொம்மை மாதிரி ஆக்கியிருக்கிறேன். இது எப்படி நடந்தது என்று யோசித்தபோது, காட்சிக்கு வைக்கப்படும் எலும்புகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றிச் சில விஷயங்கள் பிடிபட்டன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில், எலும்பு வெள்ளை கிடையாது. நாம் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயிருள்ள எலும்பில் ரத்தமும் கொழுப்பும் இருக்கும். செத்த எலும்பில் மண்ணின் நிறம், இலைச்சாற்றின் நிறம், பாசியின் பச்சை எல்லாம் ஏறும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மிஞ்சுவது தந்த நிறம், மோரில் ஒரு சொட்டு டீ விட்ட மாதிரி. அதற்கு மேலான வெள்ளையை நாம்தான் உண்டாக்குகிறோம்.

செய்முறை தெரியாமல் இதை விமர்சிக்க முடியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சதையை நீக்க நான்கு வழிகள் உண்டு. மண்ணில் புதைத்து வைக்கலாம். தண்ணீரில் ஊறப்போட்டு பாக்டீரியா தின்னும்வரை காத்திருக்கலாம். நாற்றத்துக்கு அக்கம்பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். அருங்காட்சியகங்கள் ஒரு வகைத் தோல்வண்டுகளை வளர்த்து அவற்றிடம் கொடுத்துவிடும். மூக்குக்குள் இருக்கும் காகிதம் போன்ற மெல்லிய எலும்புச் சுருள்களைக்கூட உடைக்காமல் சதையை மட்டும் தின்று தீர்க்கும். நான்காவது வழி மெல்லிய சூட்டில் வைப்பது. தளதளவென்று கொதிக்க வைக்கக் கூடாது. எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதியில் பெரும்பகுதி கொலாஜன். கொதித்தால் கொலாஜன் கரைந்து சூப்பாகிவிடும், கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும்.

அடுத்தது கொழுப்பு எடுப்பது. பலரும் தாண்டிப் போய்விடுகிற படி இதுதான், ஏனென்றால் இதில் பார்க்க எதுவும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊற வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கும். மாற்ற வேண்டும். மறுபடி கலங்கும், மறுபடி மாற்ற வேண்டும். வாரக்கணக்கில், பெரிய மண்டை என்றால் மாதக்கணக்கில். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை இது முடியாது.

கடைசியாக வெளுப்பது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். குளோரின் பிளீச் கூடவே கூடாது. அது உடனே பளிச்சென்று வெள்ளையாக்கும், கூடவே கொலாஜனையும் அரிக்கும். எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிரத் தொடங்கும், கழுவிய பிறகும் உதிரும்.

இந்த வரிசையில் ஒரு கோடு இருக்கிறது. சதை எடுப்பதும் கொழுப்பு எடுப்பதும் எலும்புக்காகச் செய்வது. செய்யாவிட்டால் நாறும், பூச்சி அரிக்கும், எலும்பு கெடும். பெராக்சைடு அப்படியில்லை. அது இல்லாவிட்டாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. வெளுப்பது பார்ப்பவருக்காக. அதனால்தான் ஆராய்ச்சிக்கான எலும்புகளை அருங்காட்சியகங்கள் பொதுவாக வெளுப்பதில்லை. வெளுத்த எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுப்பது கஷ்டம். அழகு கூடக்கூட, எலும்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் குறைகிறது.

கொழுப்பை முழுக்க எடுக்காமல் வெளுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதங்களுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். பிறகு உள்ளிருந்து மஞ்சள் திரும்பி வரும்.

*

நான் கூலிமில் வேலை செய்கிறேன். தினமும் பாலம் கடந்து போய் வருகிறேன். வேஃபர் கழுவும் பிரிவு. அங்கேயும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான், ஆனால் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில். தோலில் பட்டால் வெந்துவிடும். அம்மோனியாவும் தண்ணீரும் சேர்த்து 70, 80 டிகிரி சூட்டில் சிலிக்கான் தகடுகளை முக்கி எடுப்போம். ஆர்சிஏ நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் 1965-இல் உருவாக்கி 1970-இல் வெளியிட்ட முறை, இன்றைக்கும் அடிப்படை அதுதான். அதிலும் வரிசை முக்கியம். கொழுப்பு, அழுக்கு போன்றவை முதலில் போக வேண்டும், உலோகக் கறைகள் அடுத்து. முதல் படியைச் சரியாகச் செய்யாமல் அடுத்ததற்குப் போனால் மொத்தமும் வீண்.

இவ்வளவு தெரிந்தவன் நான். அதனால்தான் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சுத்தம் செய்வது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன்.

பாட்டி நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார். தோட்டம் கைமாறி, லயத்தில் இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்ன வருடம், மாமா வீட்டின் பின்பக்கம் ஒரு கால்வாயை வெட்டிவிடப் போய் எலும்பில் மண்வெட்டி பட்டது. லெச்சுமியின் எலும்பு. அது செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் இருந்தபோது செத்தது. என் படிப்புச் செலவில் ஒரு பங்கு அதன் பாலில் இருந்து வந்தது. மஞ்சள் தெளித்து, பொட்டு வைத்து, தாத்தா இருந்தவரை அவர் உட்கார்ந்திருந்த மாமரத்துக்குக் கீழே புதைத்தார்கள். இடத்தை விட்டுப் போகும்போது லெச்சுமியை மட்டும் புல்டோசருக்கு விட்டுவிட்டுப் போவதா என்று எனக்குத் தோன்றியது. தலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாட்டியிடம் கேட்கவில்லை. சுத்தம் செய்து, புது ஃப்ளாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று திட்டம்.

லெச்சுமியின் இடது கொம்பு நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் மாமா அதற்குப் பெயிண்ட் அடிப்பார். சிவப்பு ஒரு வருடம், நீலம் ஒரு வருடம், வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை ஒரு வருடம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினைந்து வருடப் பெயிண்ட் அந்தக் கொம்பில் இருந்தது.

மாட்டுக் கொம்பு இரண்டு அடுக்கு. உள்ளே மண்டையிலிருந்து வளரும் எலும்பு. அதற்கு மேலே உறை போல ஒரு கூடு. நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது. எலும்பு குட்டையாக, மொண்ணையாக இருக்கும். நாம் கொம்பின் வடிவம் என்று நினைப்பதில் பாதிக்கு மேல் அந்தக் கூட்டின் வடிவம். தண்ணீரில் ஊறியதும் கூடு தானாகக் கழன்று வந்தது. பயங்கர நாற்றம். உள்பக்கம் கூழ் மாதிரி இருந்தது. அன்று இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குப்பையில் போட்டேன். 'கொம்புக்கூட்டைக் கழற்றிவிட்டு எலும்பை வெளுக்கவும்' என்றுதான் நான் படித்த வழிமுறையில் இருந்தது. கழற்றச் சொன்னது தனியாகக் காய வைத்துத் திரும்ப மாட்டுவதற்காக என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பிறகு சோப்புத் தண்ணீர் நான்கு வாரம். தண்ணீர் இன்னும் லேசாகக் கலங்கிக்கொண்டுதான் இருந்தது. தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் போதும் என்று விட்டேன். பெராக்சைடு போட்டு எடுத்தபோது, தோட்டத்துச் செம்மண் நிறம் முழுக்கப் போய், நான் எதிர்பார்த்ததைவிட வெள்ளையாக வந்தது. உதிர்ந்த பற்களைப் பசை வைத்து ஒட்டினேன். பெருமையாக இருந்தது.

பாட்டி பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"யாருதுடா இது?"

"நம்ம லெச்சுமி பாட்டி."

கொம்பு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "லெச்சுமி கொம்பு இப்படியா இருக்கும்? இது என்னமோ கடையில வாங்குன மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள வைக்காத அய்யா, எடுத்துட்டுப் போ."

*

என் வேலையில் ஒவ்வொரு தகட்டுக்கும் லாட் எண் உண்டு. எந்த நாளில், எந்த இயந்திரத்தில், எந்தக் கரைசலில் எத்தனை நிமிடம் இருந்தது என்று எல்லாம் பதிவாகும். ஆனால் சிலிக்கான் தகட்டுக்கு என்று சொல்லும்படி ஒரு பழங்கதை கிடையாது. அதன் மேல் இருக்கும் எல்லாமே அழுக்குதான், கழுவி எடுத்துவிடலாம். எதற்குப் பழங்கதை இல்லையோ அதை நான் அவ்வளவு கவனமாகப் பதிவு செய்கிறேன். இருபது வருடம் வாழ்ந்த ஒரு மாட்டை ஒரு குறிப்பும் எடுக்காமல், ஒரு படம்கூடப் பிடிக்காமல் கழுவிவிட்டேன். அழுக்கு எது, லெச்சுமி எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எலும்பை எப்படிக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். சுவரில் மாட்டும் வெள்ளை மண்டையோடு என்ற பாணிக்கு மூலம் எது என்று கேட்டால் பலரும் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபைச் சொல்வார்கள். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பொறுக்கிய எலும்புகளை 1930-இல் பீப்பாயில் போட்டு நியூயார்க் பக்கம் அனுப்பிவைத்தவர். அடுத்த வருடம் வரைந்த, சிவப்பு வெள்ளை நீலப் பின்னணியில் மாட்டு மண்டையோடு இருக்கும் ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கஃபே சுவர்களெல்லாம் அந்த ஓவியத்தின் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எலும்பு வெள்ளை இல்லை. மூக்குப் பகுதி உடைந்து ஓரம் பிசிறாக நிற்கிறது. விரிசல் ஓடுகிறது. பழுப்பும் காவியும் உள்ளே இருக்கிறது. வெயிலும் காற்றும் அந்த எலும்பை என்ன செய்தன என்பதை அவர் ஒன்றையும் விடாமல் வரைந்திருக்கிறார். அவரை நகல் எடுத்தவர்கள் வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், விரிசலை விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். 2015 ஜூலை 10-ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் செத்து மிதந்தது. பெண் திமிங்கலம், 10.6 மீட்டர் நீளம். சிங்கப்பூரின் ஐம்பதாவது ஆண்டு என்பதால் 'ஜூபி லீ' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அழுகிக்கொண்டிருந்த உடலை வெட்டி, சதை நீக்கி, எலும்புகளைச் சுத்தம் செய்து, 2016 மார்ச்சில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தக் காட்சி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் எலும்பின் அழகு இல்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் மண்டையோட்டை அழகு என்று சொல்வதும் கஷ்டம். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்காது, மூக்குத் துளைகள்கூட ஒரு பக்கம் பெரியது ஒரு பக்கம் சிறியது. பிடித்ததற்குக் காரணம், அது எப்படிச் செத்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. முதுகில் பெரிய காயத்தோடுதான் அது மிதந்தது, கப்பல் மோதியிருக்கலாம் என்று சொல்கிறார்கள். வயிற்றில் இருந்த கணவாய்களின் அலகுகளையும் எடுத்துச் சொல்கிறார்கள், பிளாஸ்டிக் குவளையையும் உணவுப் பொட்டல உறைகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதன் முன் நிற்கிறவர் இப்படியும் ஒரு மிருகம் உண்டா என்று வியந்துவிட்டு மட்டும் போக முடியாது. இந்தக் கடலில்தான் இது செத்தது, இந்தக் குவளை நம்முடையதாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் நகர வேண்டும்.

இதற்கு முன்னால் அதே சிங்கப்பூரில் இன்னொரு திமிங்கலம் இருந்தது. 1892-இல் மலாக்கா கடற்கரையில் ஒதுங்கியது, 42 அடி. 1907-இல் இருந்து ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் கூரையில் தொங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த சிங்கப்பூர்க்காரர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 1974-இல் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து பிறகு லாபுவானுக்குப் போனது. மலாக்கா, சிங்கப்பூர், கோலாலம்பூர், லாபுவான். செத்த பிறகு இவ்வளவு பிரயாணம். எலும்பின் கதை சாவோடு முடிவதில்லை. எங்கே தொங்கியது, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதும் அந்த எலும்பின் கதைதான். சீட்டு ஒட்டாத எலும்புக்கு அறிவியலிலும் பெரிய மதிப்பில்லை. எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிய சிறு காகிதம் போனால், மிச்சம் இருப்பது அலங்காரப் பொருள்.

இன்னொன்றைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் மறக்க முடியவில்லை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்தில் ஒரு இளம் நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு. 1998-இல் எண்ணெய்க் கப்பல் மோதிச் செத்தது. எலும்புகளைக் கூண்டில் போட்டு மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் வைத்துச் சுத்தம் செய்து, 2000-இல் தொங்கவிட்டார்கள். இன்று வரை அதிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. அவர்கள் அதைத் துடைத்து மறைக்கவில்லை. சொட்டும் இடத்தில் குழாய் வைத்து, கீழே ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அதையும் காட்சியாக வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்காகத் திமிங்கலம் கொன்று பணக்கார ஊரான ஊர் அது. அங்கே ஒரு திமிங்கல எலும்பு இன்னமும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறது. இதைவிடச் சரியான விளக்கப் பலகையை யாராலும் எழுத முடியாது. முழுக்க வெளுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

*

வெளுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உயிரியல் வகுப்பில் வைக்கும் மண்டையோடு வெள்ளையாக இருப்பது நல்லதுதான். நரம்பு போகும் துளை, எலும்புகள் சேரும் தையல் கோடு எல்லாம் தெளிவாகத் தெரியும். அங்கே மாணவர் பார்க்க வேண்டியது 'மாடு' என்ற பொதுவான ஒன்றை. எந்த மாடு என்பது தேவையில்லை. ஒரு பொதுவான மாட்டுக்காக ஒரு குறிப்பிட்ட மாட்டை அழிப்பது அங்கே நியாயம். வீட்டில், நினைவுக்காக வைக்கும் எலும்பில் அதே வேலையைச் செய்தால் என் கதை ஆகும். காட்டில் கண்டெடுத்த மான், குரங்கு மண்டையோட்டை வைத்து முயற்சி செய்யப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட மிருகத்தின் பாகத்துக்கும் பொருந்தும். பெர்ஹிலித்தான் அனுமதி இல்லாமல் அறையில் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. எப்படிச் சுத்தம் செய்தேன் என்பதைவிடப் பெரிய கேள்வி. நான் தோண்டி எடுத்திருக்கலாமா?

பினாங்கின் பெருநிலத்தில், பெனாகா பக்கம் குவார் கெப்பா என்று ஒரு இடம் இருக்கிறது. ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதர்கள் சிப்பி தின்று ஓட்டைக் குவித்த மேடுகள் அங்கே இருந்தன. செத்தவர்களையும் அதிலேயே புதைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்த மேடுகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். 1934-இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டைன் காலென்ஃபெல்ஸ் அகழ்ந்து எடுத்த மனித எலும்புகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு பல வருடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தது. 2017 ஏப்ரலில், அதே இடத்தில் காட்சிக்கூடம் கட்டத் தோண்டும்போது இன்னொரு எலும்புக்கூடு கிடைத்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 'பினாங்குப் பெண்' என்று பெயர். ஊடகங்களில் வந்த படத்தைப் பார்த்தால் அந்த எலும்பு மண்ணின் நிறத்தில், சிப்பிகளுக்கு நடுவில், படுத்த நிலையில் இருக்கிறது. யாருக்கும் அதை வெளுக்கத் தோன்றாது. அவள் எங்கே, எப்படி, எதோடு படுக்க வைக்கப்பட்டாள் என்பதுதான் அவளைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாம். சுற்றியுள்ள மண்ணைக் கழுவினால் அவளும் போய்விடுவாள்.

லைடனுக்கு எலும்பைக் கொண்டுபோனவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று. அப்புறம்தான் என் வாளி நினைவுக்கு வந்தது. நான் யாரைக் கேட்டேன்? பாட்டி அந்த மாட்டுக்கு மஞ்சள் தெளித்துப் புதைத்தவர். அவருக்கு அது ஒரு சமாதி. எனக்கு அது காப்பாற்ற வேண்டிய பொருள். இரண்டு பேருக்கும் லெச்சுமி மேல் பாசம்தான். ஆனால் நான் என் பாசத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கும்போது, கஃபே சுவரில் பார்த்துப் பழகிய வடிவத்தைத்தான் கொடுத்தேன்.

நாம் தோட்டத்தைப் பற்றி எழுதுவதிலும் இதே பழக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரப்பர் மரத்து நிழல், லயத்து வாசலில் அம்மாக்கள், திருவிழா, பால் மாடு. அடிதடி இருக்காது, சாராயக் கடன் இருக்காது, கிராணியிடம் வாங்கிய அவமானம் இருக்காது. மரியாதையாக, மணக்க மணக்க எழுதப்பட்ட நினைவுகள். நானும் பல்கலைக்கழக ஆண்டு மலரில் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால், எழுதின எனக்கே அது எந்தத் தோட்டம் என்று அடையாளம் தெரியவில்லை. எழுதும்போது தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவசரத்தில் வெளுத்துவிட்டேன். அந்த மாதிரி எழுத்தில் மஞ்சள் எந்த இடத்தில் திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் வாசகரின் வேலை என்று இப்போது தோன்றுகிறது.

*

மண்டையோடு என் அறையில், புத்தக அலமாரியின் மேல் இருக்கிறது. திரும்பப் புதைக்கலாம் என்றால் அந்த இடத்தில் இப்போது வேலி. உள்ளே வீடுகள் எழும்புகின்றன. நெற்றியிலும் கொம்பின் அடியிலும் மஞ்சள் பூத்துவிட்டது. மறுபடி சோப்பில் ஊறப்போட்டால் சரியாகும், எனக்கு வழி தெரியும். செய்யவில்லை. ஒரு சீட்டு மட்டும் எழுதிக் கட்டினேன். பெயர் லெச்சுமி, எந்தத் தோட்டம், எந்த வருடம் செத்தது, யார் புதைத்தார், யார் கேட்காமல் எடுத்தான். கடைசியில் ஒரு வரி: கொம்புக்கூடு இல்லை, என் தவறால் குப்பைக்குப் போனது.

போன மாட்டுப் பொங்கலன்று பாட்டி ஃபோன் செய்தார். சாப்பிட்டியா, பாலத்தில் ஜாம் அதிகமா என்று வழக்கமான பேச்சு. வைக்கப் போகும்போது கேட்டார்.

"அதை என்னடா பண்ண?"

"இங்கதான் இருக்கு பாட்டி, ரூம்ல."

"பொட்டு வச்சியா?"

"இல்ல."

"வச்சிடு. இன்னைக்கு அவளோட நாள்."

வீட்டில் குங்குமம் இல்லை. குவீன் தெரு மாரியம்மன் கோவில் பக்கம் போய் வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்து நெற்றியில் வைத்தேன். எலும்பு முழுக்கச் சிறு துளை. குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது, துணியால் துடைத்தாலும் போகாது. பெராக்சைடு போட்டால் போகும். அந்தப் பாட்டிலைப் போன வாரம் சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.